தொச்சின் அரைத்த சோளம்

நான் உயில் எழுதுகிறவன். எங்கள் ஊர் அதெம்பானில் ஒருவருக்குச் சாவு நெருங்கினால் முதலில் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள், அடுத்து என்னை. அவர் ஆன்மாவைக் கவனிப்பார், நான் வான்கோழிகளைக் கவனிப்பேன். எந்தத் தோட்டத்துண்டு யாருக்கு, ஓடம் யாருக்கு, வாசலில் நிற்கும் கற்றாழை யாருக்கு என்று முப்பது வருஷமாக மற்றவர்கள் சொன்னதை எழுதிக் கொடுத்த கை இது. யாரும் சொல்லாமல் நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

மத்தியாஸ் தொச்சின் போன மாதம் இறந்துபோனான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்கு வேலை வைக்காமல் போய்விட்டான், ராஸ்கல். ஊர்ப் பெரியவனாக இருந்ததில்லை, கோயில் பாட்டுக்குழுவில் கூடப் பாடியதில்லை. அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவியே கேட்கிறாள். ஒன்று இருக்கிறது. அவனுக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது, அவன் கையால் ஒரு ரொட்டி வாங்கித் தின்பதைவிடச் சாவதே மேல் என்று அவனைப் பெற்றவள் நாலு நாள் படுத்திருந்தாள். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

அவள் பெயர் மார்த்தா ஷொக்கோ. தொச்சின் வயிற்றில் இருக்கும்போதே புருஷன் போய்விட்டான். நகரத்தில் வெள்ளம் புகுந்த வருஷம் அது. அணை கட்ட ஊருக்கு இத்தனை பேர் என்று இழுத்துக்கொண்டு போனார்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று கல் அடுக்கியவர்களில் அவனும் ஒருவன். உடம்பு கூட வரவில்லை. மூத்த மகனைக் கோவேறுகழுதைக்காரர்கள் வெள்ளி தோண்டும் மலைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். அவனைப் பற்றி ஒரு சேதியும் வந்ததில்லை. இப்படி இருக்கையில் தொச்சின் பிறந்தான்.

எங்களில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைக் காயவைத்துப் புதைப்போம். பெண் பிள்ளையுடையதை அடுப்படியில், அம்மிக்குப் பக்கத்தில். ஆண் பிள்ளையுடையதைப் போருக்குப் போகும் வீரர்களிடம் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் எதிரி நிலத்தில் புதைத்துவிட்டு வருவார்கள். பாட்டன் காலத்து ஏற்பாடு. அப்புறம் கடல் தாண்டிக் காஸ்டீலிலிருந்து வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்தார்கள், போர் போயிற்று, வீரர்கள் போனார்கள். பிள்ளை பிறப்பது மட்டும் நிற்கவில்லை. எங்கள் மருத்துவச்சி நெக்கவால் என்ன செய்வாள், பாவம்? முறை வைத்து நகரத்துக்குக் கட்டாய வேலைக்குப் போகிற ஆண்கள் கையில் அந்தக் கொடிகளைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். அவர்கள் போகிற இடத்தில், பெரிய கோயில் கட்டுகிற பள்ளத்திலோ கால்வாய்க் கரையிலோ, ஒரு பிடி மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வருவார்கள். என்னுடையதும் அங்கே எங்கோதான் கிடக்கிறது. ஞானஸ்நானமும் ஆகும், இதுவும் ஆகும். பாதிரியாருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவரால் எங்கே போய்த் தோண்ட முடியும்?

ஷொக்கோ கொடியைக் கொடுக்க மாட்டேன் என்று கையை மூடிக்கொண்டாளாம். இதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"அடுப்படியில புதைச்சிரு, நெக்கவால்."

"ஆம்பளப் புள்ளைடி இது. அடுப்படியில புதைச்சா அடுப்படியிலயே கெடப்பான்."

"கெடக்கட்டும். கெடக்கணும்னுதான் கேக்குறேன்."

"நாளைக்கு வந்து என்னயத் திட்டக் கூடாது, ஆமா."

புதைத்துவிட்டாள். கிழவி சொன்னது அப்படியே பலித்தது என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் படித்தவன், மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கி எழுத்துக் கற்றவன். ஆனால் தொச்சின் அடுப்படியைவிட்டு நகரவில்லை என்பது மட்டும் நிஜம். நாங்கள் கால்வாயில் தவளை பிடிக்கும்போது அவன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மாவை உருட்டிக்கொண்டிருப்பான். துரத்துவாள், வெளியே வந்து எங்களோடு கொஞ்சம் நிற்பான், மறுபடி காணோம். ஓடம் தள்ளத் தெரியும், தோட்டத்துக்குச் சேறு அள்ளத் தெரியும், எதற்கும் சோம்பல் கிடையாது. ஆனாலும் அம்மி ஓசை கேட்டால் அவன் கண் அந்தப் பக்கம் போய்விடும்.

எங்களில் அரைக்கிறது பெண்கள் வேலை. ஆண் அம்மிக்கு முன்னால் மண்டி போட்டால் அவனுக்குப் பெண் கிடைக்காது, வம்சம் தழைக்காது, சிரிப்பு ஒன்றுதான் மிஞ்சும். ஷொக்கோவுக்கு முட்டி வலி. வலி தாங்காத நாட்களில் வாசல் பாயை இறக்கிவிட்டு அவனை அரைக்கவிடுவாள். ஒருநாள் நான் நாணல் சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டேன். எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்குப் பதினொன்று. பார்த்தவன் சும்மா போயிருக்கலாம். நான் கால்வாய் நெடுகக் கத்திக்கொண்டே ஓடினேன்: "தொச்சினம்மா மாவரைக்கிறா! தொச்சினம்மா மாவரைக்கிறா!"

அன்றிலிருந்து அவன் ஊருக்கே தொச்சினம்மா. பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

அதற்குப் பிறகு ஷொக்கோ அவனை அம்மியைத் தொடவிடவில்லை. முட்டி உடைந்தாலும் தானே அரைத்தாள். அவன் வளர்ந்தான். இரண்டு இடத்தில் பெண் கேட்டுப் போனார்கள். முதல் வீட்டில், "எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை வேணும், மருமக வேண்டாம்" என்றார்கள். இரண்டாவது வீட்டில் ஒன்றும் சொல்லாமல் சிரித்தே அனுப்பினார்கள். ஷொக்கோ மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு அந்த ஆகஸ்ட் மாதம் வந்தது. ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு. கொள்ளைநோய். மூக்கில் ரத்தம் கொட்டும், நாக்கு கறுக்கும், தாகம் தாங்காது, ஏழாம் நாள் முடிந்துவிடும். என் அப்பா காலத்தில் ஒரு தடவை வந்தது, அவருக்கு அப்பா காலத்தில் அம்மையாக வந்தது. கப்பல் வந்த பிறகு பிறந்த எங்களுக்கு இதெல்லாம் மழைக்காலம் போல ஒன்று என்று ஆகிவிட்டது. ஊர் எழுத்தர் முதல் வாரத்திலேயே செத்துப்போனதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து இறங்கியிருந்தது. வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் படுத்துக் கிடக்க, மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன்.

நோயில் செத்தவர்கள் பாதி, பசியில் செத்தவர்கள் பாதி. வெளியூர்க்காரனுக்கு இது புரியாது. குதிர் நிறையச் சோளம் இருந்தது. ஆனால் சோளத்தை அப்படியே தின்ன முடியுமா? சுண்ணாம்பு போட்டு வேகவைக்க வேண்டும், அலசித் தோல் எடுக்க வேண்டும், மண்டி போட்டு அரை நாள் அரைக்க வேண்டும், அப்புறம் தட்டிச் சுட வேண்டும். அதைச் செய்கிறவர்கள் அத்தனை பேரும் படுத்துவிட்டார்கள். மடத்திலிருந்து வந்த பார்லிக் கஞ்சி இரண்டு நாளில் தீர்ந்தது. ஆண்களாகிய நாங்கள் நிறைந்த குதிருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அரைத்துப் பார்த்தேன். வேகாத சோளம், தோலோடு. என் மகள் அதைத் தின்று வாந்தி எடுத்தாள். அவள் பிழைக்கவில்லை. அந்த வாந்தியால்தானா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அவளைப் புதைத்த மறுநாள் வாசலில் குரல் கேட்டது.

"லூக்கா, கதவத் தெற."

தொச்சின். கையில் ஒரு பானை, பானையில் சோளக்கூழ். முழங்கை வரை மாவு.

நான் அவனையும் மாவையும் பார்த்தபடி நின்றேன்.

"கிண்டல் பண்றதா இருந்தா குடிச்சுட்டுப் பண்ணு," என்றான். "ஆறிடும். மொதல்ல உன் பொண்டாட்டிக்குக் குடு, கொஞ்சம் கொஞ்சமா."

வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

அவன் ஐந்து நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தான். விடிவதற்கு முன் வேகவைப்பது, பொழுது முழுக்க அரைப்பது, பானையை ஓடத்தில் வைத்துக் கால்வாய் வழியே வீடு வீடாக ஊற்றுவது. அம்மா படுத்த அன்று அவளுக்காக ஆரம்பித்தது. அன்று காய்ச்சலில் அவளால் தொட முடியவில்லை. ஆறிப்போகிறதே என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான், அதற்கு அடுத்த வீட்டிலிருந்து ஒருவன் ஏனத்தோடு வந்து நின்றான். இப்போது நாற்பது வீடு. என் மகனும் மனைவியும் எழுந்து உட்கார்ந்தது அந்தக் கூழில்தான்.

மூன்றாம் நாள் பானையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அம்மா உன்னக் கூப்புடுறா. உயில் எழுதணுமாம்."

"காய்ச்சல் ஏறிடுச்சா?"

"காய்ச்சல் விட்டு நாலு நாளாச்சு, லூக்கா. சாப்பிட மாட்டேங்குறா. தண்ணி மட்டும் குடிக்கிறா. ஊரே எங்கையால சாப்பிடுது, அவ மட்டும்..." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். நீ சொல்லேன்."

போனேன். நல்ல வெயில். ஷொக்கோ பாயில் கிடந்தாள், கன்னம் ஒட்டி, கண் மட்டும் பளிச்சென்று. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, தமுக்கடிக்கிறவனே. ஒக்காரு. எழுது," என்றாள். பழையதை அவள் மறக்கவில்லை.

"மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க அத்தை, அப்புறம் எழுதலாம்."

"சாப்பாட்டுக்கா உன்னக் கூப்டேன்?"

எழுதினேன். உடல் நோயுற்றிருந்தாலும் அறிவு தெளிவாக இருக்கிறது. ஆன்மா கடவுளுக்கு, உடல் மண்ணுக்கு. வீடும் இரண்டு தோட்டத்துண்டும் ஓடமும் மகனுக்கு. ஒரு வான்கோழி பூசைக்கு. சாட்சிக்கு ஆள் வேண்டும், யாரையாவது எழுப்பித்தான் கூட்டிவர வேண்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன்: "அம்மி?"

அம்மி என்றால் மகளுக்குப் போகும். மகள் இல்லையென்றால் தங்கைக்கு, தங்கை மகளுக்கு. இவளுக்கு யாரும் இல்லை.

"ஒடைச்சிரணும்," என்றாள். "ஒடைச்சு, கோயில் வாசல்ல படிக்கல்லாப் போடணும். போறவன் வாறவனெல்லாம் மிதிக்கட்டும். எழுது."

எழுதினேன். வெளியே முற்றத்தில் தொச்சின் அரைத்துக்கொண்டிருந்தான். அம்மியில் குழவி இழுபடும் ஓசை நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"கேக்குதா? என் கல்லு. இத்தன வருசமா அவன அதுக்கிட்டேர்ந்து வெரட்டிக்கிட்டிருக்கேன்."

பிறகுதான் அந்தத் தொப்புள்கொடிக் கதை முழுவதையும் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"நாந்தான் அவனக் கெடுத்தேன், லூக்கா. பொம்பளப் புள்ளையோடது மாதிரி பொதைக்கச் சொன்னது நானு. சிரிச்சாங்க, பொண்ணு குடுக்கல, எல்லாம் என்னாலதான். இப்ப அவன் கையால வாங்கித் தின்னா, நான் செஞ்சது சரின்னு ஆயிடும். நான் செத்தா ஒருவேள அவன் கல்ல விட்டு எந்திரிப்பான். ஒரு ஆம்பளையா நடமாடுவான்."

நகரத்து மண்ணில் கொடி புதைக்கப்பட்ட பையன்கள் எங்கள் வயதில் பதினாலு பேர். அதில் ஒன்பது பேர் அங்கே கட்டாய வேலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அதற்குள் தொச்சின் உள்ளே வந்தான், துணியில் சுற்றிய ரொட்டிகளோடு.

"அம்மா, எதுத்த வீட்டு அக்கா சுட்டுக் குடுத்தாங்க. சூடா இருக்கு."

"எதுத்த வீட்டுக்காரிய வெள்ளிக்கெழம பொதைச்சாச்சுடா," என்றாள் ஷொக்கோ. "நான் படுத்துத்தான் கெடக்கேன், இன்னும் சாகல."

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். காது சிவந்துவிட்டது. துணியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, வெளியே ஓடத்தோடு காத்திருந்தவர்களிடம் போய்விட்டான். மறுபடி அம்மி ஓசை.

இனி நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் வயிறுதான் பொறுப்பு. அவன் கொண்டுவந்த கூழை மூன்று நாளாக மனைவிக்கும் மகனுக்கும் கொடுத்துவிட்டுப் பானையை வழித்து நக்கிக்கொண்டிருந்தவன் நான். என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சுட்ட ரொட்டி. மண் ஓட்டில் வெந்து ஆங்காங்கே கருகிய புள்ளி, சுண்ணாம்பும் சோளமும் கலந்த அந்த வாசனை. என் கை என்னைக் கேட்காமலே போயிற்று. ஒன்றை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். மென்றேனா விழுங்கினேனா தெரியாது. இரண்டாவதையும் எடுத்தேன். உயில் தாளில் மாவு உதிர்ந்தது.

ஷொக்கோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய். என்னடா பண்றே?"

"நீங்கதான் வேண்டாங்கிறீங்களே அத்தை." வாய் நிறைய ரொட்டி.

"வேண்டாம்னா? உனக்கா சுட்டான்? அவன் எனக்குச் சுட்டதுடா!"

மூன்றாவதற்குக் கை நீட்டினேன். கிண்டலுக்கு இல்லை, சத்தியமாகப் பசி. அவள் எழுந்தே விட்டாள். நாலு நாள் பட்டினி கிடந்த உடம்பு, முழங்கையை ஊன்றி எழுந்து, என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். ரொட்டியைப் பிடுங்கினாள். நான் மறுபடி பிடுங்கிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ, ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டாள்.

கடித்தபின் அவளே திகைத்துப்போனாள். வாயில் இருப்பதைத் துப்புவதா விழுங்குவதா என்று ஒரு கணம் விழித்தாள். விழுங்கினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். முழு ரொட்டியையும் தின்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அப்புறம் முற்றத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள், இருந்த தெம்பெல்லாம் சேர்த்து:

"டேய் தொச்சின்! சுண்ணாம்பு ஏறிப்போச்சு! மூணு தண்ணி அலசணும்டா, மூணு தண்ணி! நறநறங்குது!"

அம்மி ஓசை நின்றது. வாசலில் வந்து நின்றான், மாவுக் கைகளை முன்னால் நீட்டியபடி. வெறும் துணியைப் பார்த்தான், அவள் மடியில் கிடந்த ரொட்டித் துணுக்கைப் பார்த்தான். இருபத்தொரு வயது ஆள், குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு.

"என்ன நிக்கிறே? வெளிய எத்தன பேரு காத்திருக்காங்க?" என்றாள். "போ. எனக்கு இன்னொண்ணு எடுத்துட்டு வா. இந்தத் திருடனுக்கும் ஒண்ணு."

அவன் போனதும் என்னிடம், "அந்தக் கல்லு வரிய அடி," என்றாள்.

அடித்தேன். "என்னன்னு எழுத?"

சொன்னாள். பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எந்த உயிலிலும் யாரும் எழுதாத வரி அது.

"ஏன், எழுதத் தெரியாதா உனக்கு?" என்றாள்.

எழுதிவிட்டேன்.

அவள் அந்தத் தடவை சாகவில்லை. மருத்துவச்சி நெக்கவால் செத்தாள், எங்கள் பகுதியில் மூன்றில் ஒருவர் செத்தார்கள். பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், அவரவர் அம்மிக்கு அவரவர் திரும்பினார்கள். செத்தவர்களின் கட்டாய வேலைமுறையும் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. தொச்சினும் தன் முறை வந்தபோதெல்லாம் நகரத்துக்குப் போனான். அடுப்படியில் கொடியைப் புதைத்தது அவனை அதிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தான். மறுவருஷம் தேயிகூ என்ற விதவையைக் கட்டிக்கொண்டான், இரண்டு குழந்தைகளோடு வந்தவள். "அரைக்கிற ஆம்பளையக் கட்டிக்கிறியே" என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கு இடுப்பு வலி. அவன் அரைக்கிறேங்குறான். வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?" என்றாள். ஷொக்கோ அவளோடு தினம் சண்டை போட்டுக்கொண்டு நாலு வருஷம் நன்றாக வாழ்ந்தாள்.

அவளைப் புதைத்த அன்று, வழக்கப்படி கோயில் முற்றத்தில் உயிலை உரக்கப் படித்தேன். வீடு, தோட்டம், ஓடம் எல்லாம் படித்து அந்த இடத்துக்கு வந்தபோது தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன். யாராவது சிரிப்பார்கள், சிரித்தால் மைக்கூட்டை எடுத்து அடிப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் படித்தேன்: "என் அம்மியும் அதன் குழவியும் என் மகன் மத்தியாஸ் தொச்சினுக்கு. இதை அவனிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. நின்றவர்களில் பாதிப் பேர் அவன் கையால் கூழ் குடித்துப் பிழைத்தவர்கள்.